மடி அளவு நாய்: வீட்டில் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சிறு நாய் வளர்க்கப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது படுக்கையோ பொம்மையோ அன்று, எடை பார்க்கும் தராசு. 3 கிலோ எடையுள்ள நாய் 200 கிராம் இளைத்தால் அது 60 கிலோ மனிதர் 4 கிலோ இளைத்ததற்குச் சமம். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, ரோமம் மூடியிருந்தால் தொட்டாலும் தெரியாது. பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் சாப்பாட்டுப் பிசகு, குளிர், மருந்தளவு, சோபாவிலிருந்து ஒரு குதி எல்லாமே சிறு உடம்பில் சட்டென்று உறைக்கும். அதனால் இந்த வழிகாட்டி நெடுக 3 கிலோ நாய் ஒன்றையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறோம். உங்கள் நாயின் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மனிதர் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தன் எடையைக் கழிக்கும் பழக்கம் இங்கே உதவாது. அதில் நூறு, இருநூறு கிராம் பிழை சர்வ சாதாரணம். நாம் தேடுவதே அந்த நூறு கிராமைத்தான். 5 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசோ, குழந்தைகளை நிறுக்கும் தராசோ போதும். மேலே ஒரு ஆழமான தட்டை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு நாயை உட்கார வையுங்கள். வளர்ந்த நாய்க்கு வாரம் ஒரு முறை, காலைச் சாப்பாட்டுக்கு முன். மூன்று மாதம் நிறையாத குட்டிக்குத் தினமும். குட்டியின் எடை இரண்டு நாள் ஏறாமல் நின்றாலே ஏதோ சரியில்லை என்று பொருள்.

தூக்குவதும் இறக்குவதும்

சிறு இன நாய்களுக்கு எலும்பு முறிவது பெரும்பாலும் சாலையில் நடப்பதில்லை. மடியிலிருந்தும் கையிலிருந்தும் சோபாவிலிருந்தும் விழுவதால் நடக்கிறது. முன்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பு குச்சி போல மெலிந்திருக்கும். அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் முறிந்தால் எளிதில் கூடாது. பல நேரம் மாவுக்கட்டு போதாமல் தகடு வைத்து அறுவை செய்ய வேண்டியிருக்கும்.

தூக்கும் முறை இது. ஒரு கையை முன்கால்களுக்கு இடையே மார்புக்கு அடியில் கொடுங்கள். மறு கையால் பின்புறத்தை முழுதாகத் தாங்குங்கள். உங்கள் உடம்போடு அணைத்த பிறகுதான் எழுந்து நில்லுங்கள். இறக்கும்போது நான்கு பாதங்களும் தரையில் பட்டு, நாய் தன் எடையைத் தானே தாங்கும் வரை கையை எடுக்காதீர்கள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போதே துள்ளிக் குதிப்பதுதான் எல்லாச் சிறு நாய்களின் பழக்கமும். துள்ளினால் இறக்காதீர்கள், அமைதியானதும் இறக்குங்கள். சில நாளில் அதற்கே புரிந்துவிடும். முன்கால்களைப் பிடித்துத் தூக்குவதும் பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் கூடவே கூடாது. குழந்தைகள் நாயைத் தூக்கி நடக்க வேண்டாம். குழந்தை தரையில் உட்கார, நாயை மடியில் விடலாம்.

சோபாவும் கட்டிலும் நாய்க்கு அனுமதி என்றால் படியோ சரிவுப் பலகையோ வையுங்கள். படியின் உயரம் நாயின் முழங்காலைத் தாண்டக்கூடாது; மேற்பரப்பில் வழுக்காத துணி ஒட்டியிருக்க வேண்டும். வழவழப்பான தரையில் நாய் ஓடும் பாதையில் மட்டுமாவது விரிப்பு போடுங்கள். நடக்கும்போது இரண்டு மூன்று அடிக்கு ஒரு பின்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி, உடனே ஒன்றுமே நடக்காதது போல ஓடும் நாயைப் பலர் பார்த்திருப்பார்கள். வேடிக்கையாகத் தெரியும். ஆனால் அது முழங்கால் சில்லு இடம் விட்டு விலகித் திரும்புவதன் அடையாளம். நான்கு படிநிலைகள் கொண்ட கோளாறு இது. முதல் நிலையில் எடையைக் கட்டுக்குள் வைத்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். மேல் நிலைகளுக்கு அறுவை தேவைப்படும்.

டாக்ஸ்ஹவுண்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட முதுகில் தண்டுவடத் தட்டு பிதுங்கினால் பின்கால்கள் தளர்ந்து இழுபடும். அது மணிக்கணக்கில் முடிவு மாறக்கூடிய அவசரம். 'நாளைக் காலையில் பார்க்கலாம்' என்று விடக்கூடாது.

கழுத்துக்கு அடையாளப் பட்டை, இழுக்க மார்புப் பட்டை

பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா போன்ற இனங்களில் மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் நாளடைவில் தளர்ந்து தட்டையாவது உண்டு. அப்போது வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வரும். உற்சாகத்திலும் கழுத்துப்பட்டை இழுபடும்போதும் கூடும். எனவே கயிற்றை எப்போதும் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். பட்டை முன்பக்கம் ஆங்கில 'ஒய்' வடிவில் இருந்தால் தோள் அசைவைத் தடுக்காது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். பெரிய நாய்களுக்குச் சொல்லும் இரண்டு விரல் கணக்கில் சிறு நாய் பின்வாங்கிக் கழன்று ஓடிவிடும்.

இதோடு குழம்பக்கூடிய ஒன்று உண்டு. நாய் திடீரென்று நின்று, கழுத்தை நீட்டி, மூக்கு வழியாகக் காற்றை உள்ளே உள்ளே இழுத்து உறுமும். பார்ப்பவருக்குப் பதறும். அது தலைகீழ்த் தும்மல். ஒரு நிமிடத்துக்குள் தானே அடங்கும். தொண்டையை மெல்ல வருடிக்கொடுத்தால் போதும். அடிக்கடி வந்தால் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் எந்த நாயும் அதைச் செய்து காட்டாது.

சாப்பாடு: கரண்டியை மறந்து கிராமுக்கு வாருங்கள்

ஒரு நாள் தேவையைக் கணக்கிட எளிய கால்குலேட்டர் போதும். எடையை மூன்று தடவை வைத்துப் பெருக்குங்கள்: 3 × 3 × 3 = 27. அதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள்: 5.2, பிறகு 2.28. அதை 70ஆல் பெருக்கினால் 160. சும்மா படுத்திருக்கவே 3 கிலோ உடம்புக்குத் தேவையான கலோரி இது. கருத்தடை செய்த, வீட்டுக்குள் வளரும் நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்குங்கள். 225 முதல் 255 கலோரி வரும். 2 கிலோ நாய்க்கு 165–190, 5 கிலோ நாய்க்கு 330–375. வளரும் குட்டிக்கு 2 முதல் 3 மடங்கு.

உலர் உணவுப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 380 கலோரி என்றிருந்தால், நம் 3 கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் 60 முதல் 67 கிராம்தான். கையால் அள்ளிப் போட்டால் பத்து கிராம் கூடுவது தெரியாது. அது ஒரு நாள் தேவையில் ஆறில் ஒரு பங்கு! கீழ் எல்லையில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடைக் குறிப்பைப் பார்த்து, பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். விலா எலும்புகளை லேசாகத் தடவும்போதே எண்ண முடிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும்.

தீனி, பிஸ்கட், பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டு எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 25 கலோரி. 10 கிராம் சீஸ் ஏறத்தாழ 40 கலோரி என்பதை நினைவில் வையுங்கள். பயிற்சிக்கு வழக்கமான உணவிலிருந்தே இருபது மணிகளை எடுத்து வைத்துக்கொள்வது நல்ல வழி. வீட்டில் ஆளுக்கு ஆள் ஊட்டுவதுதான் சிறு நாய் குண்டாவதற்கு முதல் காரணம் என்பது எங்கள் கருத்து. காலையில் அன்றைய பங்கை ஒரு டப்பாவில் நிறுத்து வைத்து, யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்று விதி வைத்தால் சண்டையும் குறையும்.

நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. 2 கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு வாழ்நாள் முழுதும் மூன்று வேளை நல்லது. உணவை மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுதும். வீட்டில் சமைத்துப் போடுவதானால், இறைச்சியும் சோறும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து மிகவும் குறையும். கால்நடை மருத்துவர் வகுத்த அளவின்றி மாதக்கணக்கில் அப்படிக் கொடுக்க வேண்டாம். குட்டிக்கு ஒரு வாரம்கூட வேண்டாம். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது நாளுக்கு 150–180 மில்லி. இது திடீரென்று இரட்டித்தால் சிறுநீரகம், நீரிழிவு, பெண் நாயானால் கருப்பைத் தொற்று என்று யோசிக்க வேண்டும்.

குட்டிகளுக்கு வரும் பெரிய ஆபத்து சர்க்கரை இறங்குவது. கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு வேளை தவறினாலோ, குளிரில் இருந்தாலோ, விருந்தினர் மாறி மாறிக் கொஞ்சித் தூங்கவிடாமல் செய்தாலோ நாலைந்து மணி நேரத்தில் குட்டி துவளும். தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, கடைசியில் வலிப்பு. செய்ய வேண்டியது:

1. விரல் நுனியில் தேனோ கெட்டியான சர்க்கரைக் கரைசலோ தொட்டு ஈறுகளில் தேயுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.
2. போர்வையில் சுற்றிக் கதகதப்பாக்குங்கள்.
3. ஐந்து, பத்து நிமிடத்தில் தெளிந்தால் கொஞ்சம் உணவு கொடுங்கள்.
4. தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும். குடற்புழுவோ தொற்றோ பின்னால் ஒளிந்திருக்கக்கூடும்.

நஞ்சு என்பது அளவுதான்

'ஒரு துண்டு சாக்லேட்தானே, எங்கள் பழைய நாய் ஒரு கட்டியே தின்றது' என்பார்கள். அந்தப் பழைய நாய் 30 கிலோ இருந்திருக்கும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 60ஐ நெருங்கினால் வலிப்பு. கறுப்புச் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம் இருக்கும். 3 கிலோ நாய்க்கு 12 கிராமில் தொல்லை ஆரம்பித்துவிடும்.

சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இன்னும் மோசம். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், சில வேர்க்கடலை வெண்ணெய், சில பற்பசைகளில் இருக்கும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், ரத்தச் சர்க்கரை சரியும். நம் நாய்க்கு அது 0.3 கிராம், ஒரே ஒரு சூயிங்கம் துண்டில் அவ்வளவு இருக்கக்கூடும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இவற்றுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் பச்சையானாலும் வெந்தாலும் பொடியானாலும் சிவப்பணுக்களை உடைக்கும். மனிதருக்கான பாராசிட்டமால், இபுபுரூஃபன் மாத்திரைகளை 'கால் துண்டுதான்' என்றும் கொடுக்கக்கூடாது.

எதையாவது விழுங்கிவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகும். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்து, உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் வயிற்றிலிருந்து வெளியே எடுப்பது எளிது.

சிறுநீர்ப் பயிற்சி ஏன் தோற்கிறது

சிறு நாய்களுக்குப் பழக்க முடியாது என்பது பொய். அவற்றின் குட்டை சிறியது, அதனால் வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். சிறுநீர்ப்பை சிறியது என்பது மட்டும் உண்மை. இரண்டு மாதக் குட்டியை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை கொண்டுபோக வேண்டும்; தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து பதினைந்து நிமிடத்திலும், விளையாட்டு முடிந்ததும் கூடுதலாக ஒரு முறை.

வெளியே மண்ணா, உள்ளே உறிஞ்சும் விரிப்பா என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் பழக இரட்டிப்பு நாளாகும். குறித்த இடத்துக்குக் கொண்டுபோய், பேசாமல் நின்று, முடித்த இரண்டு மூன்று நொடிக்குள் தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றே அது நினைக்கும். கண்காணிக்க முடியாத நேரத்தில் குட்டி எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டில் விடுங்கள். கூண்டு பெரிதானால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்ளும். தப்பு நடந்த இடத்தை நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அமோனியா வாடையுள்ளவை வேண்டாம், அது சிறுநீர் வாடையோடு ஒத்துப்போய் மறுபடி அங்கேயே அழைக்கும். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் ஒன்றைத்தான் கற்றுத்தரும்: உங்கள் கண்ணில் படாமல் போக.

பல்

பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் பல் எண்ணிக்கை ஒன்றே: பால் பல் 28, நிலைப் பல் 42. கட்டைவிரல் நீளத் தாடையில் நாற்பத்திரண்டும் நெருக்கியடித்து நிற்கும். இடுக்கில் உணவு தங்கும், படலம் படியும், இரண்டு மூன்று நாளில் அது கெட்டியாகிக் காறையாகும். காறை ஈறுக்கடியில் போனால் எலும்பு கரையும். கீழ்த்தாடை ஏற்கெனவே மெலிது. பல வருடம் கவனிக்காத சிறு நாய்க்குப் பல் பிடுங்கும்போதே தாடை முறிவதுண்டு. சிறு நாய் பராமரிப்பில் எதை விட்டாலும் பல் துலக்குவதை விடாதீர்கள் என்போம்.

ஏழு மாதம் ஆனதும் வாயைத் திறந்து பாருங்கள். கோரைப் பல் இரட்டையாக நின்றால் பால் பல் விழவில்லை. தானாக விழும் என்று காத்திருந்தால் நிலைப் பல் கோணும். கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் எடுத்துவிடச் சொன்னால் இன்னொரு மயக்கம் மிச்சம்.

துலக்கப் பழக்குவது மூன்று வார வேலை. முதல் நான்கைந்து நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்துத் தீனி கொடுப்பது மட்டும். அடுத்து விரலில் நாய்ப் பற்பசை தடவி ஈறு ஓரம் தேயுங்கள். பிறகு விரலில் ஈரத் துணி. கடைசியாகத்தான் மென்மையான, சிறிய தலையுள்ள துலக்கி. கைக்குழந்தைகளுக்கானது அளவாக இருக்கும். வாயை மூடியே வைத்து, உதட்டுக்கடியில் நுழைத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். வெளிப்பக்கம் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல்தாடையின் பின்பக்கப் பெரிய பல்லை மறக்காதீர்கள், காறை முதலில் சேருவது அங்கேதான். மொத்தம் ஒரு நிமிடம், தினமும். மனிதப் பற்பசையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்; நாய் துப்பாது, விழுங்கும். மயக்கம் இல்லாமல் சுரண்டித் தருகிறோம் என்பவர்கள் வெளியே தெரிவதை வெள்ளையாக்குவார்கள். நோய் ஈறுக்கடியில் அப்படியே இருக்கும்.

ரோமம், நகம், காது, கண்

நீண்ட ரோமத்துக்குத் தினமும், குட்டை ரோமத்துக்கு வாரம் ஒன்றிரண்டு முறை சீவ வேண்டும். மேலோட்டமாக ஓட்டினால் மேல்முடி பளபளக்கும், அடியில் சடை கட்டியிருக்கும். ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கித் தோல் கோடாகத் தெரியும்படி வைத்து, அந்தக் கோட்டிலிருந்து சிறிது சிறிதாகக் கீழே இறக்கிச் சீவுங்கள். கடைசியாக இரும்புச் சீப்பு தடையின்றி ஓட வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், மார்புப் பட்டை உரசும் இடம், தொடை இடுக்கு ஆகியவற்றில்தான் சிக்கு ஒளியும். சிக்கைக் கத்தரியால் வெட்டாதீர்கள். இழுபட்ட தோலும் அதோடு சேர்ந்து வரும். காகிதம் போன்ற தோல் அது.

குளியல் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை. குளிக்கும் முன் சீவி முடிக்க வேண்டும், நனைந்த சிக்கு கல்லாக இறுகும். தண்ணீர் நம் முழங்கையில் இதமாகப் படும் சூட்டில் இருக்கட்டும். நாய்த் தோலின் காரத்தன்மை மனிதத் தோலிலிருந்து மாறுபட்டது, ஆகவே நாய் ஷாம்பூ மட்டும். அலசியதற்குப் பிறகு இன்னொரு முறை அலசுங்கள். அரிப்புக்குப் பாதிக் காரணம் மிச்சமிருக்கும் நுரைதான். உடனே வேர் வரை உலர்த்துங்கள், சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். வெயில் காலம் என்று பொமரேனியனை மொட்டையடிப்பது தவறு. இரட்டை ரோமம் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் திரும்பி வராது, சிலவற்றுக்குத் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

நகம் தரையில் டக்டக்கென்று கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாக ரத்த நாளம் தெரியும். கறுப்பு நகத்தில் சிறிது சிறிதாகச் சீவி, வெட்டுமுகத்தின் நடுவில் கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள். மணிக்கட்டின் உட்பக்கம் இருக்கும் ஒற்றை நகம் தரையில் தேயாது. விட்டால் வளைந்து தசைக்குள் குத்தும்.

காதில் பஞ்சுக்குச்சி நுழைக்காதீர்கள். மருத்துவர் தந்த திரவத்தை விட்டு, அடிப்பகுதியைப் பிசைந்து, நாய் உதறியதும் கண்ணுக்குத் தெரியும் இடம் வரை துடைத்தால் போதும். கண்ணோரச் செம்பழுப்புக் கறை கண்ணீரில் உள்ள நிறமி. தினமும் ஈரப் பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள், ஆனால் கறை புதிதாகக் கூடினால் கண்ணைக் காட்டுங்கள். பின்புறத்தைத் தரையில் இழுத்துத் தேய்த்தால் ஆசனவாய்ச் சுரப்பி நிறைந்திருக்கலாம். சிறு நாய்களில் இது சகஜம். தொல்லை இல்லாத நாய்க்கு வழக்கமாகப் பிதுக்கிவிட வேண்டியதில்லை.

தடுப்பூசி, புழு, உண்ணி

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் கடந்த பிறகு கடைசி ஊசி விழும்படி டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகிய நச்சுயிரி நோய்களுக்கான ஊசிகள் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முன்னதாகப் போட்ட ஊசியைச் செல்லாக்காசாக்கிவிடும் என்பதால்தான் அந்தக் கடைசி ஊசிக்கு இவ்வளவு முக்கியத்துவம். வெறிநாய்க்கடி ஊசி பன்னிரண்டு வாரம் முதல். அதன் பிறகு எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பது ஊசி வகையையும் உள்ளூர்ச் சட்டத்தையும் பொறுத்தது. எலிக்காய்ச்சல் நடமாடும் பகுதியில் அதற்கும் சேர்த்து.

தடுப்பூசி அளவு எடைக்கேற்பக் குறைக்கப்படுவதில்லை. 3 கிலோவுக்கும் 40 கிலோவுக்கும் ஒன்றே. ஒரே நாளில் பல ஊசிகள் போட்டால் ஒவ்வாமை வருவது சிறு நாய்களில் கூடுதல். பிரித்துப் போட முடியுமா என்று கேளுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். முகம் வீங்குவது, வாந்தி, துவளுவது தெரிந்தால் உடனே உள்ளே போகலாம்.

குடற்புழு மருந்து இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் அன்றைய எடைக்கே கணக்கிட வேண்டும். உண்ணிக்குப் பிடரியில் விடும் திரவத்தைப் பெரிய நாய்க்கானதை வாங்கிப் பாதியாகப் பிரித்து ஊற்றும் சிக்கனம் பல நாய்களை நடுக்கத்தோடு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

குட்டி வேண்டாம் என்றால் பெண் நாய்க்கு முதல் இனச்சேர்க்கைப் பருவத்துக்கு முன், சுமார் ஆறு மாதத்தில், கருத்தடை செய்வது மார்பகக் கட்டி வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய் பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் சோர்ந்து, தண்ணீர் மிகக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். ஒழுக்கு தெரியாமலும் இருக்கும்.

குரைப்பும் குணமும்

30 கிலோ நாய் உறுமினால் ஊரே பயிற்சி கொடுக்கச் சொல்லும். 3 கிலோ நாய் உறுமினால் சிரிப்பார்கள். உறுமியும் யாரும் விலகவில்லை என்றால் அடுத்தது கடி. அதன் உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள்: உலகமே மேலிருந்து கைநீட்டி வருகிறது. எனவே தலைக்கு மேல் கை கொண்டுவராமல் பக்கவாட்டில் நீட்டி, அது மோந்து முடித்த பிறகு தொடுங்கள். தூக்கும் முன் 'தூக்கட்டா' போல ஒரே சொல்லைத் தினமும் சொன்னால் திடுக்கிடாது.

மூன்று முதல் பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை அஞ்சாமல் ஏற்கும் காலம். குடை, துடைப்பம், சக்கர நாற்காலி, தொப்பி வைத்தவர், அமைதியான பெரிய நாய் என்று தினமும் ஒன்றிரண்டு காட்டுங்கள். ஊசிகள் முடியும் வரை கையில் வைத்தே காட்டலாம். எப்போதும் மடியிலேயே இருக்கும் நாய், தனியே விட்டால் கதறும். முதல் நாளே அரை நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்புங்கள். போகும்போதும் வரும்போதும் நாடகம் வேண்டாம். தினமும் பதினைந்து நிமிடமாக இரண்டு நடை போதும், ஆனால் அதன் கால்களால். மோந்து பார்க்க நிற்கும்போது இழுக்காதீர்கள், அதற்கு அதுதான் நடை.

உடம்பு சொல்லும் எண்கள்

நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அளந்து எழுதி வையுங்கள். வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் (ஆசனவாயில், எண்ணெய் தடவி, 2 சென்டிமீட்டருக்கு மேல் நுழைக்காமல்). நாடி நிமிடத்துக்கு 100 முதல் 140, தொடையின் உட்பக்கம் விரல் வைத்துப் பார்க்கலாம். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

வெயிலில் மூச்சிரைத்து, ஈறு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது மிதமான வெயிலிலும் வரும். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி மின்விசிறிக்கு நேரே வையுங்கள், 39.5க்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்துங்கள், மருத்துவரிடம் போங்கள். இதே சப்பை மூக்கு இனங்களில் சண்டையிலோ பிடரியை இறுக்கிப் பிடிப்பதாலோ கண்விழி வெளியே தள்ளிவிடக்கூடும். உள்ளே அழுத்தாதீர்கள். உப்புநீர்க் கரைசலில் நனைத்த துணியால் மூடி, ஈரம் காயாமல் ஓடுங்கள். குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் ஒரு வேளைகூடப் பொறுக்க வேண்டாம். உடம்பில் இருந்த தண்ணீரே ஓரிரு குவளைதான்.

சிறு நாய்கள் நீண்ட நாள் வாழும், பன்னிரண்டு முதல் பதினாறு ஆண்டு வரை. எட்டு வயது தாண்டியதும் ஆண்டுக்கு இருமுறை பரிசோதனை, ரத்தமும் சிறுநீரும் சேர்த்து. இருட்டில் முட்டிக்கொண்டால் இரவு விளக்கு போடுங்கள், மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். இந்த வயதில் மிகுதியாக வருவது இதய வால்வு தடித்துக் கசிவது. கவலியர் கிங் சார்ல்ஸ் இனத்தில் இது சிறு வயதிலேயே தொடங்கும். மருத்துவர் இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து, நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு எழுவதை முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுங்கள். எழுந்து இறங்கினால் ஒரு மூச்சு. கனவில் கால் உதறும்போது எண்ணாதீர்கள், கணக்கு தப்பும். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நல்லது. முப்பதைத் தாண்டினால் கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.